இதோ வந்துட்டேன்: ஒரு மென்பொருள் அறிவிப்பின் இலக்கணம்

வீட்டை விட்டே கிளம்பாதவனுக்கு ஃபோன் வருகிறது. "எங்கடா இருக்க?" "இதோ வந்துட்டேன்." சட்டைப் பித்தானை அப்போதுதான் போட்டுக்கொண்டிருப்பான். யாரும் இதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. இன்னும் கால் மணி நேரமாவது ஆகும் என்று கேட்டவருக்கும் தெரியும். நம் இலக்கணம் இதற்கு ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறது. கால வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். இனி நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது வழு. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களில் ஒன்று இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது நன்னூல். "இதோ வந்துட்டேன்" விரைவில் சேரும். தெளிவுக்கு வகுப்பில் சொல்லித்தந்த உதாரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்த ஒருவர், மழை பெய்துவிட்டது என்றே சொல்லிவிடலாம். மழை இன்னும் வரவில்லைதான். ஆனால் அவர் எறும்பைப் பார்த்துவிட்டார்.

2024 ஜூன் 10 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் வருடாந்திர டெவலப்பர் மாநாட்டின் தொடக்க நிகழ்ச்சியில் சொன்ன சில வாக்கியங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதி நினைவுக்கு வருகிறது. அவை எறும்பைப் பார்த்துச் சொன்ன வாக்கியங்களா, பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்ன வாக்கியங்களா?

காட்சி இதுதான். ஆப்பிளின் பொறியியல் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் ஐஃபோனோடு நிற்கிறார். அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டும். அம்மாவின் விமானம் எப்போது இறங்குகிறது என்று சிரியிடம் கேட்கிறார். அம்மா அனுப்பியிருந்த மின்னஞ்சலிலிருந்து விமான விவரத்தை எடுத்து, விமானத்தின் அப்போதைய நிலவரத்தோடு ஒப்பிட்டு, சிரி நேரத்தைச் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று அடுத்த கேள்வி. இருவரும் எப்போதோ பேசிக்கொண்ட குறுஞ்செய்தியிலிருந்து பதில் வருகிறது. விமான நிலையத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரமாகும்? அதற்கும் பதில். மூன்று கேள்விகள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. இத்தனை வருடங்களாக அலாரம் வைக்க மட்டுமே பயன்பட்ட ஒன்று, முதன்முறையாக ஒரு வீட்டுக்குள் இருக்கும் விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை மாதிரிப் பேசியது.

அந்த வசதி அந்த வருடம் வரவில்லை. செப்டம்பரில் ஐஃபோன் 16 வெளிவந்தபோது 'ஆப்பிள் இன்டெலிஜென்ஸுக்காகவே உருவாக்கப்பட்டது' என்ற பாணியில்தான் விற்கப்பட்டது. பெல்லா ராம்ஸே நடித்த விளம்பரத்தில், எதிரே வரும் ஒருவரின் பெயர் ஞாபகம் வராமல் அவர் சிரியைக் கேட்க, அது சரியாக எடுத்துக்கொடுத்தது. எழுத்துத் திருத்தம், அறிவிப்புச் சுருக்கம் போன்றவை அக்டோபர் இறுதியில் வந்தன. அம்மாவின் விமானத்தை அறிந்த சிரி மட்டும் டெவலப்பர்களுக்குத் தரப்படும் பீட்டா பதிப்புகளில்கூடத் தலைகாட்டவில்லை. 2025 மார்ச் 7 அன்று, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த விளம்பரம் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 9 அன்று நடந்த அடுத்த மாநாட்டில் சிரிக்கு ஓரிரு வாக்கியங்கள்தான் கிடைத்தன. தரம் எட்டுவதற்கு இன்னும் காலம் வேண்டும், வரும் ஆண்டில் மேலும் சொல்வோம் என்பது சாரம். சிரி என்ற பெயரைத் தமிழில் படித்தால் என்ன அர்த்தம் வரும் என்று சொல்லி நண்பர்கள் செய்த கேலியை இங்கே எழுத வேண்டியதில்லை.

தாமதம் என்பது மென்பொருள் தொழிலில் செய்தியே இல்லை. நான் செய்த எந்த ப்ராஜெக்டும் சொன்ன தேதியில் முடிந்ததில்லை. எனவே தாமதத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கல்லால் அடிக்கும் தகுதி எனக்கில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த ஒரு நிமிடக் காட்சியை எப்படி வாசித்திருக்க வேண்டும், ஏன் என்னைப் போன்றவர்களுக்குக்கூட அப்படி வாசிக்கத் தெரியவில்லை என்பது.

*

டெமோ என்ற வடிவத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஏறத்தாழ 90 நிமிடங்கள் தன் கணினியை இயக்கிக் காட்டினார். மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், வெவ்வேறு இடங்களில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தைத் திருத்துவது எல்லாம் அன்று மேடையில் நடந்தன. கணினி அந்த அரங்கத்தில் இல்லை. சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தது. மைக்ரோவேவ் இணைப்பு அறுந்தால் மேடையில் ஒன்றுமில்லை. பார்வையாளர்களை அன்று உலுக்கியதில் அந்த ஆபத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கண்ணெதிரே நடப்பது உடைந்துபோகக்கூடும் என்பதே அது நிஜம் என்பதற்கான சாட்சி.

சிரியும் அதே நிறுவனத்திலிருந்துதான் பிறந்தது. பிற்காலத்தில் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்று பெயர் மாறிய அந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பிரிந்த சிறு நிறுவனத்தை ஆப்பிள் 2010இல் வாங்கியது, 2011 அக்டோபரில் ஐஃபோனில் சேர்த்தது. ஆக, நேரடி டெமோவும் சிரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2024இல் தம்பியை அறிமுகப்படுத்தும்போது அண்ணனை யாரும் கூப்பிடவில்லை.

நேரடி டெமோக்கள் சொதப்பியதுண்டு. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, ஒரு ஸ்கேனரை இணைத்ததும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி விழுந்தது. இதனால்தான் இன்னும் வெளியிடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார், அரங்கம் சிரித்தது. 2010 ஜூனில் இதே ஆப்பிள் மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் 4இல் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க முயன்றபோது அது திறக்கவில்லை. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, எல்லோரும் மடிக்கணினியை மூடுங்கள் என்று கிட்டத்தட்ட வாத்தியார் மாதிரி அதட்ட வேண்டியிருந்தது. இவற்றைப் பார்த்து அன்று சிரித்தோம். ஆனால் அந்தச் சொதப்பல்களில் நமக்கு ஒரு தகவல் கிடைத்தது. எது தயார், எது இன்னும் தள்ளாடுகிறது என்று தெரிந்தது.

பழைய மேடை பரிசுத்தமானது என்று சொல்ல வரவில்லை. 2007 ஜனவரியில் ஜாப்ஸ் முதல் ஐஃபோனைக் காட்டியபோது அது பாதி வெந்த பண்டம். எந்த வரிசையில் எதைத் தொட்டால் செயலிழக்காது என்று பொறியாளர்கள் ஒரு பாதையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சிக்னல் பட்டைகள் எப்போதும் ஐந்து காட்டும்படி நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. அதில் பங்கேற்ற ஆண்டி க்ரிக்னன் பின்னாளில் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் வித்தைதான். ஆனால் அந்த வித்தைக்கு ஓர் எல்லை இருந்தது. கையில் இருந்த பொருள் ஓடிக்கொண்டிருந்தது, விரல் நழுவினால் மானம் போயிருக்கும். ஆறு மாதத்துக்குள், ஜூன் 29 அன்று, அது கடைக்கு வந்துவிட்டது. ஜாப்ஸ் எறும்பைப் பார்த்திருந்தார்.

எறும்பை நமக்கும் காட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2005 ஜூன் மாநாட்டில், மேக் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறப்போகின்றன என்று ஜாப்ஸ் அறிவித்தார். டெவலப்பர்களுக்கு அடிவயிற்றைக் கலக்கும் செய்தி. அவர் என்ன செய்தார்? ஐந்து வருடங்களாக ஒவ்வொரு மேக் ஓஎஸ் எக்ஸ் பதிப்பும் இன்டெல்லுக்காகவும் ரகசியமாகத் தயாரிக்கப்பட்டு வந்திருக்கிறது என்றார். அன்று காலை முதல் மேடையில் ஓடிக்கொண்டிருந்ததே ஓர் இன்டெல் இயந்திரம்தான் என்றும் சொன்னார். எதிர்காலத்தைப் பற்றிய அறிவிப்பு, ஆனால் வினைச்சொற்கள் இறந்தகாலத்தில். வழுவே இல்லை, ஏனென்றால் விஷயம் நிஜமாகவே நடந்து முடிந்திருந்தது. 2007 இறுதிக்குள் முடியும் என்று சொன்ன மாற்றம் 2006 ஆகஸ்டிலேயே முடிந்தது. 2014இல் ஸ்விஃப்ட் என்ற புதிய நிரல்மொழியை அறிவித்தபோதும் அப்படித்தான். கிறிஸ் லாட்னர் 2010 முதல் செதுக்கிய மொழி அது. அறிவித்த அன்றே அதற்கான புத்தகமும் இலவசமாகக் கிடைத்தது, பீட்டாவும் டெவலப்பர்கள் கைக்கு வந்தது. நம்புவதா வேண்டாமா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்திசை உதாரணத்துக்கும் வெளியே போக வேண்டாம். 1994இல் ஆப்பிள் கோப்லேண்ட் என்ற புதிய இயங்குதளத்தை அறிவித்தது. மாநாட்டுக்கு மாநாடு அதைப் பற்றிப் பேசினார்கள். 1996 ஆகஸ்டில் கைவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வெளியே தேடி, அந்த டிசம்பரில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கினார்கள், அதோடு சேர்ந்து ஜாப்ஸும் திரும்பி வந்தார். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரில் லாங்ஹார்ன் என்ற பெயரில் டெவலப்பர்களுக்குக் காட்டிய கனவில் வின்எஃப்எஸ் என்ற புதிய கோப்புச் சேமிப்பு முறை ஒரு தூண். பத்தே மாதத்தில் அந்தத் தூணை உருவிவிட்டார்கள். மழை பெய்துவிட்டது என்று சொல்வது கணினி உலகத்துக்குப் புதிதல்ல.

*

2020இல் ஒன்று மாறியது. கொரோனாவால் ஆப்பிள் தன் மாநாட்டை முழுக்க இணையத்துக்குக் கொண்டுபோனது. தொடக்க உரை மேடையிலிருந்து இறங்கி முன்கூட்டியே படமாக்கப்பட்ட திரைப்படமாக ஆனது. அன்று அது சரியான முடிவு. நன்றாகவும் இருந்தது. நோய் போன பிறகும் படம் போகவில்லை. இப்போதெல்லாம் பல நாடுகளிலிருந்து டெவலப்பர்கள் கூப்பர்டினோவுக்கு விமானம் ஏறிப்போய், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் என் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கும் அதே படத்தைப் பெரிய திரையில் பார்க்கிறார்கள்.

2024 படத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? நிர்வாகிகள் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பார்கள். 2025இல் கிரெய்க் ஃபெடரிகி தலைமையகக் கட்டடத்தின் கூரைமேல் ஃபார்முலா ஒன் கார் ஓட்டுவார். ஜாலியான புனைவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சி முடிந்ததும் அதே கேமரா, அதே ஒளி, அதே துடைத்துவைத்த நடைபாதைகள் வழியே நகர்ந்து மென்பொருளுக்கு வருகிறது. இங்கே புனைவு முடிந்தது, இங்கிருந்து நிஜம் ஆரம்பம் என்று எங்கும் கோடு இல்லை. நான் இதைத் திட்டமிட்ட ஏமாற்று என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விமர்சகனாகப் பார்த்தால் இந்த வடிவத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான். படத்தில் ஓடும் மென்பொருளும், ஓடுவதாகப் படம்பிடித்த மென்பொருளும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதே நிறுவனம் ஒரு காலத்தில் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. 1987இல் ஜான் ஸ்கல்லி தலைமையில் ஆப்பிள் நாலெட்ஜ் நேவிகேட்டர் என்று ஒரு குறும்படம் எடுத்தது. ஒரு பேராசிரியர் மேசைமேல் புத்தகம் போல விரியும் கணினி, அதற்குள் போ டை கட்டிய உதவியாளர். அவன் பேராசிரியரிடம் சொல்லும் சேதிகளில் ஒன்று, அப்பாவின் பிறந்தநாள் விருந்தைப் பற்றி அம்மா ஞாபகப்படுத்தச் சொன்னார் என்பது. 37 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கனவு மாறவில்லை, அம்மாவும் மாறவில்லை. ஆனால் 1987 படத்தைப் பார்த்த யாரும் கடைக்குப் போய் அதைக் கேட்கவில்லை. அது என்றைக்கோ வரப்போவதைப் பற்றிய கற்பனை என்று தெரிந்தே பார்த்தார்கள். 2024 காட்சி அதே கற்பனையை மேம்பட்ட ஒளிப்பதிவில், நிகழ்காலத்தில் சொன்னது. அடுத்த ஓராண்டில் படிப்படியாக வரும் என்ற குறிப்பும் இருந்தது, மறுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் அச்சகத்தின் பெயர் இருப்பதைப் போல இருந்தது.

*

ஆப்பிள் தரப்பையும் கேட்க வேண்டும். 2025 மாநாட்டுக்குப் பிறகு ஃபெடரிகி பேட்டிகளில் சொன்னதன் சாரம் இது. காட்டியது வெறும் அட்டைப்படம் அல்ல, அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருள் இருந்தது. ஆனால் அந்த முதல் கட்டமைப்பில் நம்பகத்தன்மை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அளவுக்கு உயரவில்லை, எனவே அடுத்த கட்டமைப்புக்கு மாறினார்கள். நான் இதை நம்புகிறேன். ஒரு பொறியாளர் பேசும் தொனி அதில் இருக்கிறது. நம்பிய பிறகுதான் விஷயம் எனக்கு இன்னும் சிக்கலாகத் தெரிந்தது.

பழைய மென்பொருளில் ஒருமுறை ஓடினால் ஓடியதுதான். கூட்டல் கணக்குப் போடும் நிரல் இன்றைக்கு ஐந்து என்று சொன்னால் நாளைக்கும் ஐந்துதான். அதனால் அங்கே டெமோ ஒரு சான்று. மொழி மாதிரிகளின் மீது கட்டப்பட்ட மென்பொருள் அப்படி இல்லை. அதே கேள்விக்கு இன்று ஒரு பதில், சற்று மாற்றிக் கேட்டால் வேறு பதில். பத்தில் ஏழு முறை சரியாகச் சொல்லும் ஒன்றை வைத்து, சரியாகச் சொன்ன ஒரு முறையைப் படமெடுப்பது சுலபம். படத்தில் பொய்யே இருக்காது. மீதி மூன்று முறைதான் படத்தில் இருக்காது. அந்த மூன்றில் ஒருமுறை அம்மா பெட்டியோடு விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இது கற்பனை பயமும் அல்ல. ஆப்பிள் வெளியிட்ட அறிவிப்புச் சுருக்க வசதி 2024 டிசம்பரில் பிபிசியின் பெயரில் ஒரு தவறான செய்தியைக் காட்டியது. கொலை வழக்கில் கைதான ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்றது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பிபிசி புகார் செய்தது. ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்திவைத்தது. அப்படிப் பார்த்தால் சிரியை வெளியிடாமல் பிடித்துவைத்தது நல்ல முடிவு. அறிவித்ததுதான் சிக்கல். டெமோவின் சான்று மதிப்பு இயல்பிலேயே குறைந்துபோன ஒரு காலத்தில், டெமோவைக் கைவிட்டுத் திரைப்படத்துக்கு மாறியிருக்கிறோம். இருக்க வேண்டியது நேரெதிர். இந்த வகை மென்பொருளுக்கு நேரடி மேடை பழையதைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. கேள்வியைப் பார்வையாளர் தேர்ந்தெடுக்க வேண்டும், பத்து முறை கேட்க வேண்டும், தப்பாகச் சொல்வதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் மட்டும் அல்ல. 2023 டிசம்பரில் கூகுள் ஜெமினியை அறிமுகப்படுத்திய காணொளியில், ஒருவர் வரைவதைப் பார்த்து அது உடனுக்குடன் பேசியது. பிறகு பார்த்தால், நிலைப்படங்களையும் எழுத்துக் கேள்விகளையும் கொடுத்து வாங்கிய பதில்களைச் சேர்த்து, காத்திருக்கும் நேரத்தை வெட்டிச் செய்த காணொளி அது. இதற்கு நடுவே 2025 செப்டம்பரில் மெட்டா தன் மாநாட்டில் மார்க் ஸக்கர்பெர்க்கை மேடையில் நிறுத்தி, புதிய கண்ணாடிகளை நேரடியாக இயக்கிக் காட்டியது. ஒரு சாஸ் செய்முறையைக் கேட்டவரிடம் கண்ணாடி, ஏற்கனவே பொருட்களைக் கலந்துவிட்டீர்கள் என்று சாதித்தது. வீடியோ அழைப்பு வந்தது, எடுக்க முடியவில்லை. மேடையில் வைஃபையைத் திட்டினார்கள். பிறகு அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர், அரங்கிலிருந்த எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு தங்கள் சோதனை செர்வரையே மூழ்கடித்துவிட்டன என்று உண்மைக் காரணத்தை விளக்கினார். ஊரெல்லாம் கேலி செய்தது. எனக்கு அந்த இரவு மெட்டாவின்மேல் சற்று மரியாதை வந்தது. வெகுநாள் கழித்து ஒரு மாநாட்டில் நான் மென்பொருளைப் பார்த்தேன்.

*

அப்படியானால் 2024 வாக்கியங்கள் எந்த வகை? என் வாசிப்பு இது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. 2023 மாநாட்டில் ஆப்பிள் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லையே தவிர்த்து, அமைதியாக இருந்தது. 2024இல் அந்த அமைதிக்கு விலை கேட்கப்பட்டது. பங்குச்சந்தையிலிருந்து பத்திரிகைவரை எல்லோரும் "எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "இதோ வந்துட்டோம்" என்று பதில் வந்தது. காரணம் விரைவு. ஆனால் சொன்ன தோரணை தெளிவின் தோரணை. எறும்பைப் பார்த்தவர் பேசும் நிதானத்தோடு, பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் பேசினார். நன்னூல் இரண்டையும் மன்னிக்கும். ஒன்றை மற்றொன்றாக வேஷம் கட்டினால் மன்னிக்குமா என்று தெரியவில்லை.

2025 மாநாடு இதிலிருந்து ஏதாவது கற்றதா? ஓரளவு. படத்தில் பெரும்பங்கு லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்துக்குப் போனது. அழகுதான், எழுத்தைப் படிக்க முடியவில்லை என்ற புகார் முதல் பீட்டாவிலேயே எழுந்தது, அடுத்தடுத்த பீட்டாக்களில் ஒளிபுகும் தன்மையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். இதில் நல்ல விஷயம், சண்டை போடக் கையில் ஒரு பொருள் இருந்தது. அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது கைதட்டல் வாங்காத ஓர் அறிவிப்பு. ஃபோனுக்குள்ளேயே ஓடும் சுமார் 300 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை எந்த டெவலப்பரும் தன் செயலியிலிருந்து மூன்று நான்கு வரி நிரலில் அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். செர்வர் செலவில்லை, இணையம் வேண்டாம், பயனரின் தகவல் ஃபோனை விட்டு வெளியேறாது. அந்த மாதிரிக்கு உலகறிவு குறைவு, பெரிய எதிர்பார்ப்பு வைக்க முடியாது. ஆனால் சுருக்கித்தா, பிரித்துத்தா போன்ற சின்ன வேலைகளுக்கு அது போதும். அன்றே பீட்டாவில் இருந்தது, செப்டம்பரில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓடும் ஃபோன்களுக்கு வந்தது. அறிவிப்புகளை வாசிக்க நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். இன்றிரவே நான் தரவிறக்கி உடைத்துப் பார்க்கக்கூடியது எது? அது மட்டும் அறிவிப்பு. மற்றது ட்ரெய்லர்.

*

இவ்வளவு கறாராகப் பேசுகிறேனே, நான் யோக்கியனா என்று கேட்டால் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மருத்துவக் காப்பீடு தொடர்பான ஒரு வாடிக்கையாளருக்காக மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி பில்லை ஃபோட்டோ எடுத்து ஏற்றினால், தொகை, தேதி, மருந்து எல்லாவற்றையும் அதுவே படித்துப் படிவத்தில் நிரப்ப வேண்டும். டெமோவுக்கு இரண்டு நாள் முன்புவரை அது அச்சடித்த பில்லையே தட்டுத்தடுமாறித்தான் படித்தது. "டெமோக்கு மட்டும் ஏதாவது பண்ணுப்பா, மத்தத அடுத்த ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். நான் செய்தேன். ஐந்து பில்களைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரைப் பார்த்து இந்தப் பெயர் வந்தால் இந்த விடையைக் காட்டு என்று நிரல் எழுதினேன். நிஜமாக யோசிப்பது போல இரண்டு விநாடி காத்திருக்கவும் வைத்தேன். அந்த இரண்டு விநாடியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டெமோ பிரமாதமாக முடிந்தது. அறையின் கடைசி வரிசையில், அந்த அலுவலகத்தில் பில்களைப் பார்த்து டைப் செய்யும் வேலையிலிருந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "சார், கையால எழுதின பில்லையும் இது படிக்குமா? எங்களுக்கு பாதிக்கு மேல அதான் வரும்."

"படிக்கும்" என்றேன்.

தமிழில் அந்தச் சொல் ஒரு வசதியான சொல். இப்போது படிக்கிறது என்றும் பொருள், இனிமேல் படிக்கப்போகிறது என்றும் பொருள். பொய் சொன்னேனா என்று யாராவது கேட்டால், எதிர்காலத்தில் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கேட்டது எந்தக் காலத்தில் என்று எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. தேதி குறிக்கப்பட்டது. அடுத்த ஏழு மாதங்கள் எங்கள் குழுவில் யாருக்கும் சனி ஞாயிறு இல்லை. அச்சடித்த பில்களை ஓரளவு படிக்க வைத்தோம். கையெழுத்து வரவேயில்லை. கடைசியில், படிக்க முடியாத பில் வந்தால் டைப் செய்ய ஒரு தனித்திரை திறக்கும்படி செய்து ஒப்படைத்தோம். அதாவது, அந்த அம்மா முன்பு செய்த அதே வேலை, இப்போது கூடுதலாக ஒரு ஃபோட்டோவும் ஏற்றிவிட்டு.

அதற்குப் பிறகு நான் செய்யும் எந்த டெமோவிலும், விடை முன்கூட்டியே எழுதி வைத்ததாக இருந்தால், திரையின் மேல் மூலையில் மஞ்சள் பட்டையில் 'மாதிரித் தரவு' என்று போடுகிறேன். விற்பனைப் பிரிவினருக்கு அது பிடிக்காது. பெரிய நிறுவனங்கள் அந்த மஞ்சள் பட்டையைப் போட ஆரம்பித்தால் அவர்கள் படங்களின் அழகு கெட்டுப்போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2024இல் அம்மாவின் விமானம் இறங்கிய அந்தக் காட்சியின் மூலையில் அது இருந்திருந்தால், ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

மென்பொருளை ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து அந்த அம்மா வேறு ஏதோ சந்தேகம் கேட்க ஃபோன் செய்தார். அது தீர்ந்ததும் வைக்காமல், கொஞ்சம் தயங்கி, "சார், அந்தக் கையெழுத்து பில்லு?" என்றார்.

"இதோ வந்துடும் மேடம்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.